கைப்பிடித்துக் கொடுக்க வந்தவர்

தன் மகளுக்குக் கல்யாணம் என்கிற சேதி தியோடருக்கு மைக்கில்தான் வந்தது. பெற்ற தகப்பனுக்கு இப்படியா தெரிய வேண்டும் என்று அவசரப்பட்டு உச்சுக்கொட்ட வேண்டாம். மனுஷர் பல வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த நிலைமை அது.

அன்றைக்கு அவர் ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்ததே நண்பர் டிரேவருடைய அம்மாவின் வருஷப் பூசைக்காக. ஜீவனஹள்ளிக்காரர்கள் போகிற அந்தக் கோயிலில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். அப்புறம் அந்தத் திசையிலேயே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தான் விட்டுவந்த மனைவி அல்போன்சா கண்ணில் படாமல் எப்படி நழுவுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பூசை முடிகிற சமயத்தில் ஃபாதர் ஓலை வாசித்தார். கல்யாணம் ஆகப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு சபையார் முன்னால் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்பது அங்கே வழக்கம்.

"...இப்பங்கைச் சேர்ந்த தியோடர், அல்போன்சா இவர்களின் மகள் ஆஞ்சலா..."

டிரேவர் முழங்கையால் ஓர் இடி இடித்தார். "டேய், உன் பேருடா."

"என் பேரா?"

"பின்ன எங்கப்பன் பேரா? ஆஞ்சலாடா! நம்ம பாப்பாக்குக் கல்யாணம்டா."

தியோடருக்குக் கை கால் ஓடவில்லை. மாப்பிள்ளை பெயர் க்ளென் என்பதுகூட டிரேவர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பையனுக்கும் காது கேட்காதாம், தொம்மலூரில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸாம். இதெல்லாம் ஒரு காதில் விழுந்துகொண்டிருக்க, தியோடரின் மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. தன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவில்லை. போட்டிருந்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? போடவில்லை என்றால், அந்த வீட்டில் தன்னை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இந்த நூலைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிய உயரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளை கையில் கொடுப்பது தகப்பன் வேலை. அந்த வேலையைத் தான்தான் செய்ய வேண்டும் என்று ஆனேக்கல் பஸ் ஏறுவதற்குள் முடிவு கட்டிவிட்டார்.

நடந்த கதையை அவரைக் கேட்டால் இப்படிச் சொல்வார். குழந்தைக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அவர் பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத மாதா இல்லை. எப்படியாவது பிள்ளையை வாய் திறந்து பேசவைத்துவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்தார். அல்போன்சாவோ ஒருநாள் அவரைக் கேட்காமல் கொள்ளாமல், கையால் பேசக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்தாள். "நீயே அவளை ஊமையாக்கிட்டே" என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்தான். முதலில் ரோஷம் தடுத்தது, பிறகு வெட்கம் தடுத்தது, அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனது பாவம், அதை ஒப்புக்கொள்வார். அது ஒன்றைத் தவிர, தான் நல்ல தகப்பன் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

சரி, போய் நிற்க வேண்டும். நின்று என்ன பேசுவது, எதால் பேசுவது? அட்டைப்பெட்டிக் கம்பெனி ஸ்டோரில் கூட வேலை பார்க்கும் எத்திராஜ்தான், போனில் தேடினால் கை பாஷை சொல்லித்தருவார்கள் என்றார். தேடியதும் முதலில் வந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் வீடியோ. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிதானமாகக் கற்றுக்கொடுத்தாள். தியோடர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய்க்குத்தான் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஆயிரத்தெட்டு. கைக்கு ஏது பாஷை, உலகத்துக்கெல்லாம் ஒரே கைதானே என்பது அவருடைய கணக்கு. இந்த மனுஷருக்கு நாட்டுக்கு நாடு கை பாஷையும் மாறும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

கம்பெனி பஸ்ஸில் போக வர அதே வேலைதான். கையை விரித்துக் கட்டைவிரலை நெற்றியில் வைத்தால் அப்பா. முஷ்டியை நெஞ்சில் வைத்து வட்டமாகத் தேய்த்தால் மன்னித்துக்கொள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

"என்னா சார், சீட்டாட்டத்துல பார்ட்னருக்கு சிக்னலா?" என்று எத்திராஜ் கிண்டல் பண்ணினார்.

"எம்பொண்ணுகிட்ட பேசப்போறேன்ப்பா" என்றார் தியோடர். சொல்லும்போதே குரல் கம்மியது.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம், மீசையை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜீவனஹள்ளியில் அந்த மாடிப்படி ஏறினார். கதவைத் திறந்தது அல்போன்சா. தலை பாதி வெளுத்திருந்தது. ஆளைப் பார்த்துவிட்டுக் கதவை அறையவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

"என்னா வேணும்?"

"ஓலையில என் பேரை வாசிச்சாங்க, அல்போன்சா."

"காலஞ்சென்றன்னு போடலாம்னுதான் பாத்தேன். டெத் சர்ட்டிபிகேட் குடும்மான்னு கோயில் ஆபீஸ்ல கேக்குறாங்க. நான் எங்க போயி வாங்குறது?"

தியோடர் பிடித்துக்கொண்டிருந்த நூல் வாசலிலேயே அறுந்தது. அல்போன்சா ஒதுங்கி வழி விட்டாள். வந்தவரைத் துரத்துகிற அளவுக்குக்கூட அவளுக்கு இப்போது அவர்மேல் கோபம் மிச்சமில்லை போலிருந்தது. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கூடத்தில் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கேக் பொட்டலங்களுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டையாக இருந்தவன் க்ளென். கண்ணாடி போட்ட பெண் சஹானா, ஆஞ்சலாவின் சிநேகிதி. சஹானாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்பா அம்மாவுக்குக் கேட்காது என்பதால் கை பாஷையிலேயே வளர்ந்தவள், அவர்களுடைய ஆபீஸில் மொழிபெயர்க்கிற வேலை. நடுவில் ஆஞ்சலா. அல்போன்சாவின் மூக்கும் தியோடரின் நெற்றியுமாக ஒரு முழுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வந்தவர் யாரென்று ஆஞ்சலா கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

இதற்காகத்தானே இத்தனை பாடு! தியோடர் கையை விரித்துக் கட்டைவிரலை நெற்றியில் வைத்தார். ஆஞ்சலா புரியாமல் பார்த்தாள். மறுபடி வைத்தார். தலைவலியா என்பதுபோல அவள் அம்மாவைப் பார்த்தாள். பதற்றத்தில் அவர் அடுத்த பாடத்துக்குத் தாவினார். முஷ்டியை நெஞ்சில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். கண்ணில் தண்ணீர் முட்ட, முகம் கோணிக்கொள்ள, திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

ஆஞ்சலா ஒரே பாய்ச்சலில் எழுந்தாள். அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, சட்டைப் பித்தானைக் கழற்றி, நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். க்ளென் பொட்டல அட்டையால் விசிறினான். "ஐயோ தேவரே, ஹார்ட் அட்டாக்கா? அங்கிள், இடது கை வலிக்குதா?" என்று சஹானா அலற, அல்போன்சா உள்ளே ஓடி சோடாவோடு வந்தாள்.

நெஞ்சுவலி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தியோடர் சொல்லவில்லை. மகளின் கை தன் நெஞ்சில் இருக்கிறது, அது எடுக்கப்படுகிற வரைக்கும் சும்மா இருப்போம் என்று கல்லாட்டம் உட்கார்ந்துவிட்டார். அற்ப புத்திதான், ஆனால் அந்த நிமிஷத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விசிறிக்கொண்டிருந்த க்ளென்தான் முதலில் கண்டுபிடித்தான். அவரைப்போலவே நெஞ்சில் முஷ்டியைத் தேய்த்துக் காட்டி, சஹானாவிடம் படபடவென்று கையை ஆட்டிச் சிரித்தான். சஹானா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இது எங்க கத்துக்கிட்டீங்க? இது அமெரிக்காக்காரங்க பாஷை. நம்மூர்து வேற. நம்மூர்ல அப்பான்னா இப்படி." இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள்.

ஆஞ்சலா தன் கையை அவர் நெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டாள். சோடாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சரி, நான் நடுவுல இருக்கேன், பேசுங்க" என்றாள் சஹானா. "ஆனா ஒண்ணு, அங்கிள். இனிமே நான் பேசுனா அது நான் இல்ல, ஆஞ்சலா. அவ சொல்றத 'நான்'னுதான் சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். திட்டுனாலும் அப்படியேதான் சொல்வேன்."

தியோடர் தலையாட்டினார். வழிநெடுக மனப்பாடம் பண்ணியது எல்லாம் பறந்துவிட்டது. "உன்னை விட்டுட்டுப் போனேன்மா. பெரிய பாவம். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

சஹானாவின் கைகளைப் பார்த்த ஆஞ்சலாவின் முகத்தில் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். அவளோ நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அவள் கைகள் அசைய அசைய, பேச்சு சஹானாவின் வாயிலிருந்து வந்தது.

"போனதுக்கா? நீங்க போனது நல்லதாச்சே."

"என்னாம்மா சொல்றே?"

"டேபிள்ல சாப்பாடு இருக்கும். எனக்குப் பசிக்கும். நான் கையால கேப்பேன். நீங்க என் ரெண்டு கையையும் டேபிள் மேல வச்சு உங்க கையால அமுக்கிப் பிடிச்சுக்குவீங்க. வாயால கேளு, வாயால கேளுன்னு உங்க வாய் மட்டும் ஆடும். சோறு ஆறிப்போயிடும். நான் அழுதா இன்னும் அமுக்குவீங்க. தினமும். நீங்க போன அன்னிக்கு நான் கையால கேட்டேன், அம்மா உடனே போட்டாங்க. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். இப்பவும் ஞாபகம் இருக்கு, அன்னிக்கு மீன் கொழம்பு."

சமையலறை வாசலில் நின்ற அல்போன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விட்டுப்போனதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக வந்தவர் தியோடர். இதைப் பாவக்கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. "அது ட்ரெயினிங்மா" என்றார் அவசரமாக. "டீச்சர் சொன்னாங்க... கை காட்ட விட்டா பேச்சே வராதுன்னு... எல்லாம் உனக்காகத்தான். எனக்கு மட்டும் வலிக்கலையா?"

"தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க கெட்டவர்னு நான் நெனைக்கல." சஹானா ஆஞ்சலாவின் கையைப் பார்த்து மேலே சொன்னாள். "ஆனா உங்களுக்குப் பேசத் தோணுறப்பல்லாம் யாராச்சும் வந்து வாயைப் பொத்துனா, அவரு நல்லவரா கெட்டவரான்னா பாத்துக்கிட்டிருப்பீங்க?"

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? ஆனால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்கிற பயம் அவரைப் பிடித்து உந்தியது. "கோயில்ல... உன் கையைப் பிடிச்சு நான் கூட்டிட்டுப் போயி மாப்பிள்ளை கையில குடுக்கணும்மா. அது ஒண்ணுதான் எனக்கு ஆசை. வேற எதுவும் வேணாம்."

சஹானா அதைக் கையால் சொல்லி முடிப்பதற்குள் ஆஞ்சலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். வேண்டுமென்று செய்தமாதிரி இல்லை, அவளை அறியாமல் போன கைகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவை முன்னால் வந்தன.

"கல்யாணத்துக்கு வாங்க. நிஜமாத்தான் கூப்பிடுறேன். கேக் சாப்பிடுங்க." சஹானாவின் குரல் இறங்கிவிட்டது, ஆனாலும் குறைக்காமல் சொன்னாள். "என் கையை மட்டும் நீங்க பிடிக்கக் கூடாது. நான் தனியாத்தான் நடப்பேன்."

தியோடர் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். சோடா அப்படியே இருந்தது. போகும்போது அல்போன்சா கதவு வரைக்கும் வந்து, படி இருட்டாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்றாள்.

கல்யாணத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். டிரேவர் விடவில்லை. "அவ கூப்பிட்டிருக்காடா. போகாம இருந்தா அதையும் நீயே கெடுத்துக்கிட்டதா ஆகும்" என்று கோட்டை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு வந்தார். கோயில் வாசல் நிறைய ஆட்கள். பாதிக்கு மேல் ஆஞ்சலாவின் சிநேகிதர்கள், காது கேளாதவர்கள். மேலே தூக்கிய கைகளும் கேலியும் சிரிப்புமாக ஒரே சந்தைக்கடை, ஆனால் மரத்தில் காக்காய் கத்துவது துல்லியமாகக் கேட்டது. யாரோ ஒருவர் தியோடரிடமும் என்னவோ கேட்டார். அவர் விழித்ததைப் பார்த்து, பாவம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆஞ்சலா காரிலிருந்து இறங்கினாள். வெள்ளை கவுன், தலையில் கிரீடம், கையில் இரண்டு கைக்கும் கொள்ளாத பெரிய பூச்செண்டு. இறங்கியதுமே நாலாபக்கமும் சிநேகிதிகள் பேச ஆரம்பித்தார்கள். பதில் சொல்ல அவளுக்குக் கை வேண்டுமே! பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிப் பார்த்தாள், நழுவியது. பக்கத்தில் நின்ற தோழியிடம் நீட்டினாள், அவளும் பேச்சு மும்முரத்தில் மாட்டேன் என்று தலையாட்டினாள். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் கூட்டத்திலேயே கை சும்மா இருந்தது ஓர் ஆளுக்குத்தான்.

நேராக வந்தாள். பூச்செண்டைத் தியோடரின் இரண்டு கைகளிலும் திணித்தாள். முகவாயை அசைத்து, வாங்க என்றாள்.

தியோடர் அசையாமல் நின்றார். "போடா, கூப்பிடுதுடா!" என்று டிரேவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

இப்படித்தான் அவர் மகளோடு கோயிலுக்குள் நடந்தார், அரை அடி பின்னால், மணப்பெண்ணின் பூவைச் சுமந்துகொண்டு. தியோடர்தானே அது, பூ எதுக்கு அவர் கையில என்று பெஞ்சுகளில் முணுமுணுத்தார்கள், சிலர் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து அழுகை வந்தது. ஆஞ்சலா இதையெல்லாம் கவனிக்கவில்லை. இடது பக்கம் யாருக்கோ பதில், வலது பக்கம் யாருக்கோ கிண்டல், பீடத்தடியில் நின்ற க்ளென் அங்கிருந்தே என்னவோ கேட்க இவள் இங்கிருந்தே சண்டை போட, பேச்சு ஓயவே இல்லை. இவ்வளவு பேசுகிற பெண் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை விளங்கவில்லை.

பீடத்துக்கு நாலு எட்டு இருக்கும்போது ஆஞ்சலா நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். கைகளால் அவரிடம் என்னவோ கேட்டாள், சின்னதாக, மெதுவாக. புருவம் உயர்ந்திருந்ததால் கேள்வி என்பது மட்டும் தெரிந்தது.

தியோடர் சஹானாவைத் தேடினார். அவள் பீடத்துப் படியில் நின்று, சபையைப் பார்த்துப் பாட்டைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். புரியவில்லை என்றாவது காட்ட வேண்டும், ஒரு சைகை, எந்த நாட்டுச் சைகையானாலும் சரி. இரண்டு கையிலும் பூச்செண்டு. கீழே வைப்பதா, இடுக்கிக்கொள்வதா என்று தடுமாறினார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா?" என்றார் வாயால்.

ஆஞ்சலாவின் பார்வை அவர் வாய்க்குப் போனது. கொஞ்ச நேரம் அந்த வாயையே பார்த்தாள். பிறகு திரும்பி, தானே நாலு எட்டும் நடந்துபோய் க்ளென் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவழியில் நின்றவரை யாரோ கோட்டைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பூவைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை, பூசை முடிகிற வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சஹானாவைத் தேடிப்பிடித்து, அந்த இடத்தில் நின்று அவள் என்ன கேட்டாள் என்று கேட்டார். "நான் பாக்கலியே, அங்கிள். அவளையே கேளுங்க" என்றுவிட்டு, போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் ஓடினாள்.

ஆஞ்சலா வாசல் படியில் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தாள். தியோடர் எதிரே போய் நின்றார். இன்னொரு தடவை கேளும்மா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.